எஜமானி கூப்பிடுகிறாள்

ஒலிப்பதிவுக்கூடம் என்று பெயர்தானே தவிர, அது ஒரு பழைய வீட்டின் பின்னறை. ஜன்னல்களைப் பலகை அடித்து மூடி, சுவரெல்லாம் பஞ்சு மெத்தை ஒட்டியிருந்தார்கள். மழைக்காலத்தில் அந்தப் பஞ்சு ஈரத்தைக் குடித்துக்கொண்டு, நனைந்த நாயைப்போல வாடை அடிக்கும். கீச்சு குடையை வாசலில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தபோது மத்தியானம்தான். ஆனால் அந்த அறைக்குப் பகல் என்றால் என்னவென்றே தெரியாது.

கீச்சு என்பது தொழிலில் அவளுக்கு வைத்த பட்டப்பெயர். பொம்மைப் படங்களில் குழந்தை, கிளி, அணில், கூட்டத்தில் அலறும் பெண் எல்லாவற்றுக்கும் அவள்தான் குரல். வீட்டிலும் அதே மெல்லிய குரல்தான். கடையில் அவள் கேட்பதைக் காதில் வாங்காமல், அவளுக்குப் பின்னால் வந்தவரைக் கவனிப்பார்கள். "நீ நெருப்பு நெருப்புன்னு கத்தினாக்கூட, யாரோ பொம்மையை அமுக்கறாங்கன்னுதான் நெனைப்பாங்க" என்று அவள் கணவன் சிரிப்பான். அவன் வாஷிங் மெஷின், பிரிட்ஜ் பழுது பார்ப்பவன். நல்லவன். அந்தக் கேலியில் விஷம் இருந்ததில்லை.

அன்று அவளை அழைத்தது ஒரு வானொலித் தொடருக்கு. அதில் ஒரு பெரிய வீட்டின் எஜமானி வருவாள். அவள் கறுப்பா சிவப்பா, கிழவியா குமரியா என்று கதையில் ஒரு வரிகூடக் கிடையாது. குரல் மட்டும்தான். அதைக் கேட்டே ஆளாளுக்கு ஒரு முகம் செய்து வைத்திருந்தார்கள். அவளை நேரில் பார்க்கவேண்டும் என்று வானொலி நிலைய வாசலில் பூங்கொத்தோடு காத்துக்கிடந்தவர்கள் உண்டு.

அந்தக் குரலைக் கொடுத்துவந்த மூத்த கலைஞர் போன மாதம் இறந்துவிட்டார். இதே அறையில், மைக்கின் முன்னால்.

"எஜமானி கத்தவே மாட்டாம்மா" என்றார் ஒலிப்பதிவாளர். "கத்தறவங்களுக்கு, எங்கே கேட்காம போயிடுமோன்னு சந்தேகம். இவளுக்கு அந்தச் சந்தேகமே கிடையாது. மெதுவாச் சொல்லுவா. சொல்றதுக்கு முன்னாடி கொஞ்சம் நிறுத்துவா. அந்த நேரத்துலயே எதிராளிக்குக் கால் நடுங்கிடும். ஆனா குரல்ல ஒரு சிரிப்பும் இருக்கும். அதுதான் ஆளை இழுக்கறது."

கீச்சு முயன்றாள். கிளி வந்தது. மறுபடி முயன்றாள். சளிபிடித்த கிளி வந்தது. கண்ணாடிக்கு அப்பால் ஒலிப்பதிவாளர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "இன்னொரு தடவை" என்று விரலைக் காட்டினார்.

அவள் கண்ணை மூடினாள். மூச்சை இழுக்கப் போனாள்.

ஹெட்போனில் யாரோ அவளுக்கு முன்னால் மூச்சை இழுத்தார்கள்.

மிக அருகில். நிதானமாக.

அவள் வாய் திறந்தது. "விளக்கை அணை" என்றது குரல். தாழ்ந்து, தேன் தடவிய கத்தியைப்போல. அது நெஞ்சுக்கும் கீழே, அவளுக்கே தெரியாத ஓர் ஆழத்திலிருந்து எழுந்து வந்தது.

கண்ணாடிக்கு அப்பால் ஒலிப்பதிவாளர் எழுந்துபோய் விளக்கை அணைத்தார்.

இருட்டில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, வெட்கப்பட்டவர்போல மறுபடி போட்டார். "வசனம்தானே அது... நான் ஏன் எழுந்தேன்?" என்று முணுமுணுத்தார்.

அதன் பிறகு வேலைக்குக் குறைவில்லை. குரலும் வீடுவரை கூடவே வந்தது. பக்கத்து வீட்டு டிவி அலறியபோது ஜன்னலோரம் நின்று, "குறைங்க" என்று ஒரே ஒரு சொல் சொன்னாள். டிவி அடங்கியது. கடைக்காரர் மற்றவர்களை ஒதுக்கிவிட்டு அவளிடம் வந்தார். வாழ்நாளெல்லாம் கூட்டத்தில் ஒருத்தியாக அலறியவளுக்கு அது இனித்தது. இனிக்காமல் என்ன செய்யும்?

ஒரு நாள் ஒலிப்பதிவாளரிடம் கேட்டாள்: "முன்னாடி பேசின அக்கா எப்படி? வீட்ல நல்லாப் பேசுவாங்களா?"

அவர் தயங்கினார். "கடைசி காலத்துல வீட்ல வாயே திறக்கலையாம். புகழ் வந்ததும் கர்வம்னு புருஷன்காரர்கூடச் சொல்லிட்டுத் திரிஞ்சார். இங்கே வந்து மைக் முன்னாடி மட்டும்தான் பேசுவாங்க. எங்கிட்டயும் எல்லாம் சைகைதான்."

அன்று அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அவளை உறுத்தியது வேறு. கணவன் இப்போது சாயங்காலங்களில் சீக்கிரம் வந்துவிடுகிறான். சாப்பிட்டு முடித்ததும் அருகில் வந்து உட்காருகிறான்.

"அந்தக் குரல்ல கொஞ்சம் பேசேன்."

"என்னத்தைப் பேசறது?"

"எதையாவது. கடைக்கணக்கைச் சொன்னாக்கூடப் போதும்."

அவள் பேசினாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். முகத்தில் ஒரு கிறக்கம். கல்யாணமான புதிதில்கூட அவள் பார்க்காத கிறக்கம். இடையில் இருமல் வந்து அவளுடைய சொந்தக் குரல் தலைகாட்டினால், தூக்கத்தில் தட்டி எழுப்பப்பட்டவனைப்போல முகம் சுளித்தான். அவள் வீட்டிலேயே அவளுக்கு ஒரு சக்களத்தி. அதுவும் அவள் தொண்டைக்குள்ளேயே.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து தூறிக்கொண்டிருந்தது. அவன் மறுபடி பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "ஒரே ஒரு வார்த்தை."

"கண்ணைத் திறந்து என்னைப் பாருங்க. அப்பப் பேசறேன்."

"உன்னைப் பார்த்தா அவ போயிடறாளே" என்றான், குழந்தையைப்போல.

அவளுக்குள் ஏதோ அறுந்தது. 'எங்கேயாவது போய்த் தொலைங்க' என்று அழுகையோடு கத்தத்தான் வாயெடுத்தாள். ஆனால் ஒரு கணம் எல்லாம் நின்றது. பிறகு அவள் வாயிலிருந்து, சிரிப்போடு, மெதுவாக வந்தது:

"போ. நான் கூப்பிடற வரைக்கும் திரும்பாதே."

அவன் எழுந்தான். செருப்புகூடப் போடவில்லை. கதவைத் திறந்துகொண்டு மழையில் இறங்கினான்.

கோபத்தில் போகிறான், தெருமுனையில் திரும்பிவிடுவான் என்று அவள் நினைத்தாள். முனையில் சாலை வளைந்தது. அவன் வளையவில்லை. காலிமனையின் கம்பிவேலிக்குள் நேராக நுழைந்தான். சட்டை கிழிந்தது. நடை மாறவில்லை. அந்த மனைக்கு அப்பால் ஏரி.

அவனுக்கு நீச்சல் தெரியாது.

"ஏங்க!" என்று அலறிக்கொண்டு ஓடினாள். "ஏங்க, நில்லுங்க!" அவள் சேற்றில் விழுந்து எழுவதற்குள் அவன் தண்ணீரில் இறங்கியிருந்தான். எட்டிப் பிடித்துச் சட்டையை இழுத்தாள். நனைந்த துணி கையோடு வந்தது. அவன் கண் சிமிட்டாமல் எதிர்க்கரையைப் பார்த்தபடி நடந்தான். இடுப்பளவு. மார்பளவு. அவள் கத்தல் மழைச்சத்தத்தில் ஒரு குருவியின் கத்தலாகக் கரைந்தது.

அவள் வரவழைக்கப் பார்த்தாள், அந்தக் குரலை. வரவில்லை. நெஞ்சின் ஆழத்தில் அது உட்கார்ந்திருப்பது தெரிந்தது. வேடிக்கை பார்த்துக்கொண்டு.

"கூப்பிடு" என்று முனகினாள். "உன் கால்ல விழறேன். அவரைக் கூப்பிடு."

அவள் உதடுகள் தாமாக அசைந்தன. "நீ வழியில நிக்கறியே" என்றது குரல், அன்பாக.

தண்ணீர் அவன் கழுத்தைத் தொட்டது.

"நகர்ந்துக்கறேன்" என்றாள் கீச்சு.

கிளியும் அணிலும் குழந்தைகளும் பேசிய அந்த மெல்லிய குரலில் அவள் சொன்ன கடைசிச் சொல் அதுதான்.

"வா" என்றது எஜமானியின் குரல்.

கத்தவில்லை. மழையிலும், அத்தனை தூரத்திலும், அவனுக்குக் கேட்டது. திரும்பி நடந்து வந்தான். கரையில் அவனைக் கட்டிக்கொண்டு, பல்லெல்லாம் தந்தியடிக்க அவள் கேட்டாள்: "குளிருதா?"

தாழ்ந்த, இனிமையான குரல். சிரிப்பு கலந்த குரல்.

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். அவளைத்தானா?

"இல்லீங்க" என்றான்.

அன்று மூடிய வாயை அவள் திறக்கவில்லை. இறந்துபோன அந்த அக்காவின் மௌனம் அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. கர்வமா அது? வீட்டைக் காக்கப் போட்ட பூட்டு. அந்த அக்காவாவது மைக்குக்கு மட்டும் பூட்டைத் திறந்தார். இவள் அதற்கும் திறக்கவில்லை. ஒலிப்பதிவாளர் வீடு தேடி வந்தபோது தொண்டையைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தாள். தொடரையே நிறுத்திவிட்டார்கள். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்து, தொண்டையில் ஒரு குறையும் இல்லை என்றார். கணவன் கெஞ்சினான், அழுதான், பிறகு கேட்பதை விட்டுவிட்டான். நாளாக ஆக அவன் முகம் தெளிந்தது. வேலைக்குப் போனான். பழையபடி கேலியும் செய்தான். அவளுடைய சைகைகளுக்கெல்லாம் தலையாட்டக் கற்றுக்கொண்டான். பிழைத்தோம் என்று அவள் நினைத்தாள்.

ஒரு காலை. நல்ல வெயில். அவள் சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். முன்னறையில் அவன் ஒரு மிக்ஸியைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தான்.

ஸ்பேனர் சத்தம் நின்றது.

எட்டிப் பார்த்தாள். அவன் தலையைச் சாய்த்து எதையோ காதுகொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தான். முகம் மெல்ல மலர்ந்தது.

"இதோ வந்துட்டேங்க" என்றான்.

அவள் உதட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். மூடித்தான் இருந்தது.

அவன் கையைத் துடைத்துக்கொண்டு போய் வாசல் கதவை அகலத் திறந்தான். வெளியே வெறும் வெயில். ஒரு பக்கமாக ஒதுங்கி, தலையைச் சற்றே தாழ்த்தி நின்றான்.

ஒருவர் நிதானமாகப் படியேறி உள்ளே வர எவ்வளவு நேரம் பிடிக்குமோ, அவ்வளவு நேரம் கழித்துத்தான் கதவைச் சாத்தினான்.