மூக்கடைப்புக்கு மூன்று புள்ளி

“ஏழு!”

ஏழாவது தும்மல் முடிந்து நிமிர்ந்த ஜெனீராவை, மருந்து கவுன்டருக்குப் பின்னாலிருந்து இரண்டு கண்கள் பார்த்துக்கொண்டிருந்தன... நமுனுகுல மலைப் பக்கமிருந்து வந்து பதுளைக் கடைவீதியில் கொட்டிய மழைக்காக அந்த டிஸ்பென்சரிக்குள் ஒதுங்கியவள் அவள். புடவைக்கடை ஜுனைதீன் ஹாஜியாரின் மகள்.

“தும்மல எண்ணுறதுதானா ஒங்கட வேல?”

“இந்த மாசம் அதுதான் வேல,” என்றான் கம்பவுண்டர் புவாத், சிரிக்காமல்.

உண்மைதான். அது எழுபத்துமூன்றாம் வருடம். அன்னாசித் தண்டிலிருந்து எடுத்த நொதிய மாத்திரை பீனிசத்தைக் குணமாக்குமா என்று டாக்டர் சோதித்துக்கொண்டிருந்தார். பாதிப் பேருக்கு அந்த மாத்திரை, மீதிப் பேருக்கு அதே தோற்றத்தில் மருந்தில்லாத வெறும் பால்சீனி மாத்திரை. யாருக்கு எது என்று புவாத்துக்கும் தெரியாது. வாரந்தோறும் மூக்கடைப்பை விசாரித்து, பூச்சியத்திலிருந்து மூன்று வரை புள்ளி போடுவது அவன் பொறுப்பு; அடைப்பு கூடினால் புள்ளியும் கூடும்.

“வெட்டி வீசுற தண்டுக்குள்ளயா மருந்து?” ஜெனீராவின் கண்கள் விரிந்தன. அல்லாஹ் எதை எங்கே வைத்திருக்கிறான்! தனக்கும் பீனிசம்தான் என்று அவளும் பெயர் கொடுத்தாள்.

மூன்றாவது வாரம் டிஸ்பென்சரி வாசலில் அப்படியே நின்றுவிட்டாள். மண் மணத்தது! இரண்டு வருடமாக மறந்தே போயிருந்த மழை மணம்... மாத்திரையாலோ, தானாகவோ, படைத்த ரப்புதான் அறிவான். முதலில் புவாத்திடம் சொல்ல வேண்டும்!

புவாத் நிமிரவே இல்லை.

“இனி ஒங்களுக்குப் புள்ளி போடுறது நர்ஸ் றஷீனா.”

சுருக்கென்றது. எந்நேரமும் மூக்கை உறிஞ்சுகிறவள் என்று அருவருப்பா? அவளுக்கும் ரோஷம் உண்டு. மாத்திரைப் போத்தலை டக்கென்று வைத்துவிட்டுத் திரும்பினாள்.

“நில்லுங்க! போன கெழம நீங்க அடைப்பு ரெண்டுண்டு சொன்னீங்க. என்ட கை ஒண்டு போடப் போச்சு. ஒங்களுக்குச் சொகமாகணும்டு அவ்வளவு ஆச... அப்பிடிப்பட்டவன் எழுதினா சோதனையே பொய்யாகிரும். நானேதான் டாக்டர்கிட்ட சொல்லி வெலகினேன்.”

ஜெனீரா திரும்பி நின்றாள். ஆசை வைத்தவளுக்காகக்கூட ஒரு புள்ளியைப் பொய்யாகப் போடாத மனிதனா!

“மத்தவங்களுக்கு மூக்கடைச்சா புள்ளி போடுறேன்... ஒங்களுக்கு அடைச்சா எனக்கு மூச்சு முட்டுது, ஜெனீரா.”

அவள் போத்தலை மெல்ல எடுத்துக்கொண்டாள். கன்னம் சூடேறியது.

“வெள்ளிக்கிழம ஜும்ஆ முடிஞ்சு வாப்பாவ வந்து பாருங்க. ஆனா...”

“ஆனா?”

“அங்கயும் வந்து, நடுநிலைண்டு என்ட பக்கம் சாயாம நிண்டுடாதீங்க!”