வாழ்ந்தார்கள்

கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த சீப்பில் ஈரமான நரைமுடி ஒன்று சிக்கியிருந்தது. காலையில் அவள்தான் துடைத்து வைத்தாள்; காவலாளி பூட்டிச் சாவியை எடுத்துப் போனார். அப்போது முடி எதுவும் இல்லை.

தேசிய அருங்காட்சியகத்தில் காட்சிப் பொருட்களுக்கு விளக்கம் எழுதுவது அவள் வேலை. ‘நம் நாடு, நம் மக்கள்’ கூடத்துக்கு நாளை திறப்பு விழா. அதன் கடைசிப் பெட்டி, ஆளுயரத்துக்கு, ஆற்றங்கரை மக்களுடையது. அவளும் அந்த மக்களில் ஒருத்திதான். பதினோரு வருடமாக அலுவலகத்தில் அதைப் பற்றி மூச்சு விட்டதில்லை.

“ஆற்றங்கரையில் வாழ்கிறார்கள்” என்று எழுதியிருந்தாள். நேற்று இயக்குநர் அதைப் பேனாவால் அடித்தார்.

“வாழ்ந்தார்கள்னு போடும்மா.”

“இன்னும் இருக்காங்களே சார்.”

“இருக்காங்கன்னு எழுதினா நாளைக்கு நிலத்தைக் கேட்டு வந்து நிப்பாங்க. நாட்டுக்கு ஒரே கதை இருந்தா போதும். உனக்கென்ன, உன் ஆளுங்களா?”

“இல்ல சார்.”

சொன்னபோது நாக்கு கூசியது. ஆனாலும் சொன்னாள். இன்று மதியம் ‘வாழ்ந்தார்கள்’ என்ற விளக்கப் பலகையை அவளே பெட்டியில் ஒட்டினாள்.

ஒட்டி இன்னும் அரை மணி நேரம்கூட ஆகவில்லை. விடுமுறை நாள், கூடத்தில் வேறு யாருமில்லை; ஏசியின் ரீங்காரத்துக்கும் புதுப் பெயிண்ட் வாடைக்கும் அடியில் எங்கிருந்தோ ஆற்றுச் சேற்றின் வாடை மெல்லக் கசிந்து வந்தது, கூடவே யாரோ தரையில் நகர்ந்து உட்காருவது போன்ற சரசரப்பும். வீட்டுக்குப் போன் செய்தாள். எடுத்தது அண்ணி, வேறு இனத்தில் பிறந்தவள்.

“அண்ணி, அம்மாகிட்ட குடுங்க.”

“அத்தையா? ரொம்ப நல்லவங்களா இருந்தாங்க.”

“விளையாடாதீங்க. காலைல பேசினேனே.”

“பேசியிருப்ப,” என்றாள் அண்ணி நிதானமாக.

“அண்ணன் எங்க?”

“அவரும் நல்லவராத்தான் இருந்தாரு. ஆமா, நீங்க யாரு பேசறது?”

ஓடிப்போய்ப் பலகையைச் சுரண்டினாள். ஓர் எழுத்துகூடப் பெயரவில்லை. நகம் பெயர்ந்தது. ரத்தம் வரவில்லை. வலிக்கவும் இல்லை.

காவலாளி வந்தார்.

“அண்ணே, இந்தப் பெட்டியத் திறங்க. சீக்கிரம்.”

அவர் பார்வை அவளைத் தாண்டிப் போனது. விளக்கை அணைத்தார். கதவு பூட்டும் சத்தம்.

பெட்டிக்குள் மட்டும் மங்கலாக வெளிச்சம்.

உள்ளே அண்ணன், முழங்காலைக் கட்டிக்கொண்டு. பக்கத்தில் அம்மா. வாய் அசைந்தது. குரல் வரவில்லை.

அம்மா அவளைப் பார்த்தாள். கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து, பக்கத்தில் இடம் விட்டு, தரையைக் கையால் தட்டினாள்.