பெரும்பான்மை முகவரி

இந்தக் காலத்து மனுசன் எதையும் நேரில் போய்ப் பார்ப்பதில்லை. பெயரைச் சொல்கிறான், பெட்டி வழி சொல்கிறது, வந்த பதிலை அப்படியே விழுங்குகிறான். பேச்சிமுத்துவுக்கு இது பொறுக்கவே பொறுக்காது. பன்றிகூட முகர்ந்து பார்த்துத்தான் தின்கிறது என்பார்.

பொருநை அடுக்ககத்தில் வீட்டுக்கொரு திசைப்பெட்டி. கதவு, தண்ணீர், மருந்து எல்லாம் அதைக் கேட்டுத்தான் நடக்கும். ஒரு பெயரைச் சொன்னால், அந்தப் பெயர் எந்த முகவரியில் இருக்கிறது என்று பெட்டிக்குள்ளிருக்கும் பெயர்காட்டி சொல்லும். பேச்சிமுத்துவின் மனைவி இசக்கியம்மாளின் மூச்சுப்பொறியும் அப்படித்தான். மணிக்கொரு தரம் மருத்துவமனையைப் பெயர் சொல்லி அழைத்து, எவ்வளவு காற்று கொடுக்கட்டும் என்று கேட்டுக்கொள்ளும். அன்று காலை அழைப்பு அறுந்துவிட்டது. கிழவியின் உதட்டில் நீலம் ஏறியது.

பக்கத்து வீட்டுச் செல்லத்தாயை அவளுக்குத் துணை வைத்துவிட்டு, பேச்சிமுத்து சங்க அலுவலகத்துக்கு இறங்கினார். செயலாளர் நிவேதன் தலை நிமிராமலே காரணம் சொன்னான். கள்ள முகவரி காட்டும் திருடர்களைத் தடுக்க நேற்று ராத்திரிதான் காவல்வளையம் போட்டார்களாம். எல்லா வீட்டுப் பெயர்காட்டிகளும் ஒன்றையொன்று சரிபார்க்கும். மற்றவற்றோடு ஒத்துப்போகாத பெட்டியை நஞ்சேறியது என்று வெட்டிவிடும். மருத்துவமனைக்கு எல்லாப் பெட்டியும் ஒரு முகவரி சொல்ல, பேச்சிமுத்துவின் பெட்டி மட்டும் வேறு சொன்னதாம்.

"இத்தனை மாசமா இங்க ஒருத்தருக்கும் சீக்கு இல்ல, பாட்டையா. எல்லாருக்கும் நலம்னுதான் பதில் வருது. உங்க வீட்லதான் ரோதனை."

"எல்லாரும் சொன்னா சரியாயிருமாவே? அந்த முகவரிக்கு யாராவது போய்ப் பாத்தியளா?"

எதற்குப் போக வேண்டும் என்று கேட்டான் நிவேதன்.

மூலையில் உட்கார்ந்து திரையைத் துருவிக்கொண்டிருந்தவள் மெர்லின், பெட்டிகளைப் பழுது பார்ப்பவள். கிழவர் பெட்டியில் கோளாறே இல்லை என்றாள். புதுமனை புகுவிழாவன்று எல்லாப் பெட்டிக்கும் ஒரே கடவுச்சொல் வைத்திருக்கிறார்கள், முருகன் பெயர். வெளியாள் எவனோ அதைச் சொல்லி உள்ளே நுழைந்து பெயர்காட்டிகளைத் தன் முகவரிக்குத் திருப்பிவிட்டான். கேட்டவர்க்கெல்லாம் நலம் என்று சொல்லிக்கொண்டே, யார் எப்போது வீட்டில் இல்லை என்று நோட்டம் பார்க்கிறான். பேச்சிமுத்து அந்த விழாவன்று சங்கத்தோடு சண்டை போட்டு, கடவுச்சொல் வைக்க வந்த ஒருத்தரையும் வீட்டுக்குள் விடவில்லை. அதனால் அவர் பெட்டி மட்டும் தப்பியது. இப்போதே எல்லாக் கடவுச்சொல்லையும் மாற்றச் சொன்னாள்.

நிவேதன் முகம் சுளித்தான். அது பஞ்சாங்கம் பார்த்து நல்ல நேரத்தில் வைத்த சொல்லாம். இது ஆடி மாசம். ஆவணி பிறக்கட்டும், புதுசு வைக்கலாம் என்றான். அப்படியானால் வளையத்தையாவது நிறுத்து என்றாள் மெர்லின். அதற்கு ஓட்டெடுக்க வேண்டும் என்றான்.

"யாரு ஓட்டுப் போடணும்?"

"பெட்டிங்கதான்."

கண் இமைப்பதற்குள் ஓட்டு முடிந்தது. எல்லாப் பெட்டிகளும் வளையம் வேண்டும் என்றன. அதற்குமேல் பேச்சில்லை என்பதுபோல நிவேதன், மூச்சுப்பொறியைச் செல்லத்தாய் வீட்டுப் பெட்டியோடு இணைத்துவிட்டான். திரையில் 'இசக்கியம்மாள்: நலம்' என்று வந்தது. அதே நேரம் செல்லத்தாய் போனில் அழுதாள், கிழவிக்கு இழுக்கிறதாம்.

"உங்க பெட்டி காட்டுறதுதான் சரியான ஆஸ்பத்திரி. அங்கயே கொண்டுபோங்க" என்று மெர்லின் ஒரு தெருப்பெயரைச் சொன்னாள்.

"நீ அங்க போயிருக்கியா?"

"இல்ல. நீங்க?"

பேச்சிமுத்து வீட்டுக்குப் படியேறினார். பொறி வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவரும் போனதில்லை.

கொஞ்ச நேரமே தாங்கும் அவசரக் காற்றுருளையை மனைவியின் மடியில் வைத்து, சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு கிளம்பினார். நலமாக இருப்பவர்கள் மருத்துவமனைக்குப் போக வேண்டியதில்லை என்றது வாசல் கதவு. தோளால் இடித்துத் திறந்தார். சாலையில் நின்ற ஒருவனிடம் வழி கேட்டார். அவன் கிழக்கே கை காட்டினான். நாலு எட்டு வைத்து, இன்னொருவனிடமும் கேட்டார். அவனும் கிழக்கே காட்டினான்.

இரண்டு பேரும் ஒன்றையே சொன்னது பேச்சிமுத்துவுக்குப் பிடிக்கவில்லை. முகத்தைச் சுருக்கிக்கொண்டு, கிழக்கேதான் தள்ளினார்.