புகைவாசல்

முந்தின நாள் அரத்தை நிறுத்திய இடத்தில் அந்த விளிம்பு இல்லை. ரூலோஃப் சிலிண்டரை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து மறுபடியும் அளந்தான். புகை வெளியேறும் வாசலின் மேல்விளிம்பை அவன் அரம் போட்டு உயர்த்தியது அரை மில்லிமீட்டர்தான். இப்போது அது முக்காலாகியிருந்தது.

ஐம்பது சிசி பந்தய வண்டி, உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிற சிலிண்டர். அதில் கால் மில்லிமீட்டர் என்பது விளையாட்டுக் காரியமா? புகைவாசலை உயர்த்த உயர்த்த இன்ஜின் வெறிபிடித்தது போலச் சுற்றும். அளவு மீறினால் சூட்டில் பிஸ்டன் இளகிச் சிலிண்டரோடு ஒட்டிக்கொள்ளும், பின்சக்கரம் ஒரே நொடியில் நின்றுபோகும், ஓட்டுகிற ஆளைத் தூக்கி எறியும். நாளைக்குப் பந்தயத்தில் ஓட்டப்போகிறவள் அவன் தங்கை ரென்ஸ்கே.

"இதுல நீ கை வச்சியா?"

கொட்டகை வாசலில் காப்பிக் கோப்பையோடு நின்றவள் முகத்தைச் சுளித்தாள். "எனக்கு வேற வேலை இல்ல பாரு. போன வருஷப் பந்தயத்துல, நேர் ரோட்டுல அந்தப் பெரெண்ட் பய என்னைத் தாண்டிப் போறப்ப டாட்டா காட்டிட்டுப் போனான். பால் வண்டியா ஓட்டுறேன்னு ஊரே கேக்குது. நீ இங்க அளவுகோலை வச்சுக்கிட்டு உக்காந்திரு."

"கழுத்து உன்னுதுடி, கழுதை."

"என் கழுத்துதானே? நீ வேகத்தைக் குடுண்ணே, போதும்."

அந்தக் கொட்டகையில் ஒருகாலத்தில் மாடு கட்டியிருந்தார்கள். இப்போதும் ஈரம் கூடிய நாட்களில் செங்கலிலிருந்து பழைய சாணி வாடை கிளம்பி, பந்தய பெட்ரோலில் கலக்கிற விளக்கெண்ணெயின் கருகல் நெடியோடு சேர்ந்து தொண்டையில் அப்பிக்கொள்ளும், பின்பக்கத்துக் கால்வாயின் பனிமூட்டம் கதவிடுக்கு வழியாகத் தரையோடு தரையாக உள்ளே நகர்ந்து வரும். இத்தனை வருஷம் ரூலோஃபுக்கு அது தன் வீட்டு வாடையாகத்தான் இருந்தது. அன்றைக்கு என்னவோ, அந்த இடம் தன்னை வெளியே போகச் சொல்வது போலிருந்தது. சிலிண்டரைத் துணியில் சுற்றி இழுப்பறையில் வைத்துப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

மத்தியானம் இருவரும் பட்டாணி சூப் குடித்துக்கொண்டிருந்தபோது அவனுக்கு அது கேட்டது. இரும்பில் அரம் ஓடுகிற சத்தம், அவசரமில்லாமல், ஒரே சீராக, கை தேர்ந்தவன் இழுக்கிற இழுப்பு. இழுப்பு முடிகிற இடத்தில் தூளை ஊதித் தள்ளுகிற மூச்சும் கேட்டது.

"கொட்டகைல யாரு?"

"யாரு இருக்கா? பேய் புடிச்சவன் மாதிரி முழிக்காத. சூப் ஆறுது பாரு."

அவன் ஓடினான். இழுப்பறை பூட்டியபடிதான் இருந்தது. துணியைப் பிரித்ததும் புது உலோகத்தூள் கையெல்லாம் ஒட்டிக்கொண்டது. சிலிண்டர் வெதுவெதுப்பாக இருந்தது. விளிம்பு இன்னும் மேலே போயிருந்தது. அதன் வளைவில் விரலை ஓட்டிப் பார்த்தான். இருபது வருஷமாக அவன் கை எட்டாத வழவழப்பு அது. எவ்வளவு அழகு! பழைய சிலிண்டர் அலமாரியில் பத்திரமாக இருந்தது. மாட்டியிருக்கலாம். பயமாகத்தான் இருந்தது, ஆனால் ஆசை அதைவிடப் பெரிதாக இருந்தது. மனசாட்சிக்குச் சமாதானமாக கார்புரேட்டரில் பெரிய துளையுள்ள ஜெட்டைப் போட்டான், பெட்ரோல் கூடுதலாகப் போனால் சூடு தணியும் என்று. பிறகு இதையே வண்டியில் பூட்டினான், பாவி.

சாயங்காலம் கால்வாய்க்கரை ரோட்டில் ஸ்பார்க் பிளக் பார்க்கவேண்டும். வண்டியை முழு வேகத்தில் விரட்டி, அந்த வேகத்திலேயே இன்ஜினை அணைத்து, கிளட்சைப் பிடித்தபடி சத்தமில்லாமல் உருண்டு வந்து நிற்கவேண்டும்; சூடு ஆறுவதற்குள் பிளக்கைக் கழற்றினால் உள்ளே நடப்பதை அதன் நிறம் சொல்லிவிடும். காப்பி நிறம் என்றால் நிம்மதி. வெள்ளை என்றால் சூடு மீறிவிட்டது, சாவு.

"மெதுவா ஆரம்பி. ஒரு மாதிரி தெரிஞ்சா உடனே கிளட்சைப் புடி."

"பாட்டி மாதிரி புலம்பாதண்ணே." ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிக்கொண்டு போய்விட்டாள்.

பனிமூட்டம் அவளை விழுங்கியது. சத்தம் மட்டும் கேட்டது, ஏறியது, அவன் செய்த எந்த இன்ஜினும் ஏறாத உயரத்துக்கு ஏறியது. பெருமையில் அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு அது தொலைவில் அமுங்கியது. நின்றது.

காத்திருந்தான். கால்வாயில் தண்ணீர்கூட அசையவில்லை.

பனிக்குள்ளிருந்து வண்டி உருண்டு வந்தது. இன்ஜின் அணைந்திருந்தது. சங்கிலியின் மெல்லிய டிக்டிக் மட்டும். நேராக அவன் முன்னால் வந்து நின்றது.

"சபாஷ்டி!" என்று குனிந்து, கந்தைத்துணியைச் சுற்றிக்கொண்டு பிளக்கைக் கழற்றினான்.

துணி தேவைப்படவில்லை.

பிளக் சில்லென்று இருந்தது. சிலிண்டரைத் தொட்டான். அதுவும். ராத்திரி முழுக்க வெளியே கிடந்த இரும்பு மாதிரி. பிளக்கைத் திருப்பினான். வெள்ளை. எலும்பு வெள்ளை.

"ரென்ஸ்கே?"

வண்டிமேல் இருந்த ஹெல்மெட் அவன் பக்கம் திரும்பியது.

அப்போது மறுபடி கேட்டது. தொலைவில். அதே இன்ஜின். முழு வேகத்தில். திரும்பி, அவனை நோக்கி வந்துகொண்டிருந்தது.

கையில் பிளக். எதிரில் வண்டி. அதன்மேல் ஆள். பனிக்குள் தங்கை.

"கிளட்சைப் புடி!" கத்தினான். "ரென்ஸ்கே, கிளட்ச்!"

சத்தம் ஒரு கிறீச்சில் அறுந்தது. டயர் தேய்ந்தது. "அண்ணே..." அவ்வளவுதான். தண்ணீரில் கனமாக ஏதோ விழுந்தது.

ஓடப்போனான். முடியவில்லை. ஒரு கையுறை அவன் மணிக்கட்டைப் பிடித்திருந்தது.

அந்தக் குளிரில் அவன் மூச்சு புகையாய்ப் போய் எதிரிலிருந்த ஹெல்மெட் கண்ணாடியில் படிந்தது. வெளிப்பக்கம் மட்டும். உள்பக்கம் சுத்தமாக இருந்தது.

"பத்தலண்ணே," என்றது, ரென்ஸ்கேயின் குரலில். "இன்னும் கொஞ்சம் ஏத்து."