அளவுக்கு ஓர் ஆள்

படத்தில் இருந்த ஆள் இரண்டு நூல் தள்ளி நின்றாள்.

காலை வெயில் ஜன்னல் வழியாக வந்து கித்தான்மேல் சாய்ந்து விழும் நேரம் அது. பன்னிரண்டடி அகலம், எட்டடி உயரம், பட்டறை அறையின் ஒரு சுவர் முழுக்க அந்தப் படம்தான். செவ்வாய் கிரகத்தின் சிவந்த மண், தூரத்தில் தேய்ந்த மலைகள், நடுவில் கவிழ்த்து வைத்த கிண்ணம்போல வெள்ளைக் குடியிருப்பு, அதன் வட்ட ஜன்னல்களில் மஞ்சள் வெளிச்சம். குடியிருப்புக்கு முன்னால் முதுகு காட்டிக்கொண்டு, கட்டைவிரல் உயரத்தில் ஓர் ஆள். நேற்றுவரை அந்த ஆளின் தலை மூன்றாவது ஜன்னலின் இடது ஓரத்துக்கு நேராக இருந்தது. இன்று ஓரத்தைத் தாண்டி உள்ளே வந்திருந்தது. ஓவியர் அளவுகோலை வைத்துப் பார்த்தார். சரியாக இரண்டு நூல், கால் அங்குலம். டர்பன்டைன் வாடையில் நாள் முழுக்கக் கிடந்தால் மண்டை கிறுகிறுக்காமல் என்ன செய்யும் என்று தன்னையே திட்டிக்கொண்டிருந்தபோது, அடுப்பில் வைத்த பால் ஞாபகம் வந்து ஓடினார். அது பொங்கி வழிந்து அடுப்பு முழுக்கக் கருகியிருந்தது.

இந்த ஓவியர் முப்பது வருஷமாக வரைந்தது எல்லாம் இன்னும் கட்டாத கட்டடங்கள். பாலம், விமான நிலையம், அடுக்கு மாடி. கட்டுகிறவர்கள் காசு போடுகிறவர்களுக்குக் காட்ட ஒரு படம் வேண்டுமே, அந்தப் படம். அதில் எங்காவது ஓர் ஆளை நிறுத்தியாக வேண்டும். இல்லாவிட்டால் பார்க்கிறவருக்கு அது மாளிகையா, தீப்பெட்டியா என்று தெரியாது. தொழிலில் அதற்கு 'அளவு ஆள்' என்று பெயர். அளவு ஆளுக்கு முகம் தேவையில்லை. தலைமுடிக்குக் கறுப்பில் ஒரு தீற்றல், கைக்கு மூன்று தீற்றல், கீழே ஒரு நிழல். அவ்வளவுதான்.

அவர் வரைந்த அத்தனை படங்களிலும் அளவு ஆள் ஒருத்திதான். அவருடைய ஒரே மகள். எலும்பும் தோலுமாகத் தத்தித் திரிந்ததால் வீட்டில் சிட்டு என்று பெயர். நாலு வயதிலிருந்து அவளைத்தான் நிற்க வைத்து வரைந்தார். முகத்தைக் காட்டி நிற்கச் சொன்னால் சிரித்துக் குலைத்துவிடுவாள் என்பதால் எப்போதும் முதுகுதான். நிற்கிற நேரம் முழுக்க அவள் வாய் ஓயாது. "அம்மா, இந்தக் கட்டில் கப்பல்னு வச்சுக்கோ. தரை பூரா தண்ணின்னு வச்சுக்கோ." அவள் வச்சுக்கொண்டால் வச்சுக்கொண்டதுதான். அப்புறம் தரையில் கால் பட்டால் பெற்ற அம்மாவே ஆனாலும் மூழ்கியாக வேண்டும்.

அந்தச் சிட்டு குழாய் வேலை படித்தாள். குடியேற்ற அலுவலகம் செவ்வாய்க்கு ஆள் எடுத்தபோது முதல் வரிசையில் போய் நின்றாள். ஓவியர் அழுது பார்த்தார், இரண்டு நாள் பேசாமலும் இருந்து பார்த்தார். சிட்டு இந்தச் செவ்வாய்ப் படத்தின் முன்னால் நின்று, "உன் படத்துல நான் ஏற்கெனவே அங்கதானேம்மா நிக்கிறேன்," என்றாள். கிளம்புகிற அன்றுகூட அவளுக்குச் சிரிப்புதான். இனிமேல் தனக்கு வாரம் பூராவும் செவ்வாய்க்கிழமை என்றாள்.

குடியேற்ற அலுவலகத்துக்காக வரைந்த அந்தப் படத்தில் முதலில் கதவு இருந்தது. தடித்த இரும்புக் கதவு, அதன் தலைமேல் ஒரு சிவப்பு விளக்கு. அலுவலகத்தின் மக்கள் தொடர்பு அதிகாரி வந்து பார்த்துவிட்டு முகம் சுளித்தார். "பெட்டகம் மாதிரி பயமுறுத்துது மேடம். கதவு அந்தப் பக்கம் இருக்குன்னு வச்சுக்குவோமே." அளவு ஆளின் தலையில் இருந்த கண்ணாடிக் கவசமும் அவருக்குப் பிடிக்கவில்லை. காற்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம் என்றார். ஓவியருக்குச் சிரிப்பு வந்தது, வீட்டில் கேட்டுக் கேட்டுப் பழகின வார்த்தை. கதவைச் சுரண்டி எடுத்து வெள்ளை பூசினார். கவசத்தை அழித்துக் கூந்தலை வைத்தார். படம் ஊரெல்லாம் ஒட்டப்பட்டு, பார்த்தவர்களை எல்லாம் மயக்கியது. கடைசியில் குடியிருப்பையே படத்தில் உள்ளபடி கட்டிவிட்டார்கள். சுவரோடு சுவராக வெள்ளைக் கதவு, விளிம்பு தெரியாது, விளக்கு கிடையாது. அதிகாரி பெருமை தாங்காமல் தொலைபேசியில் சொன்ன செய்தி அது.

நாற்பத்தொரு நாளைக்கு முன்பு, உறைந்துபோன ஒரு குழாயைச் சரிசெய்யச் சிட்டு வெளியே போனாள். புழுதிப்புயல் வந்தது. அவள் திரும்பவில்லை. புயல் அடங்கியபின் உள்ளே இருந்தவர்கள் வந்து பார்த்தபோது, வெள்ளைச் சுவரைச் சுற்றிலும் சிவப்புக் கைத்தடங்கள் இருந்தன. தடவித் தடவிச் சுற்றியிருக்கிறாள். ஒன்பது சுற்று என்று கணக்கிட்டார்களாம். கதவின் மேலேயே நாலு கைத்தடங்கள் இருந்தன. அப்புறம் அவள் சுவரை விட்டுவிட்டு எங்கேயோ நடந்திருக்கிறாள். தேடினார்கள், கிடைக்கவில்லை, தேடுவதை நிறுத்திவிட்டார்கள்.

போன வாரம் படம் திரும்பி வந்தது. அடுத்த கப்பல் கிளம்பப் போகிறது, படத்தை மறுபடி ஒட்ட வேண்டும். அதிகாரியின் குரல் தணிந்திருந்தது. "அந்த ஆளை மட்டும் எடுத்துடுங்க மேடம். பாக்கறவங்களுக்குக் கஷ்டமா இருக்கும்." வெள்ளிக்கிழமை வரைக்கும் நேரம் கொடுத்தார்.

ஒரு தீற்றல் வெள்ளை, ஒரு தீற்றல் சிவப்பு. அரை நிமிஷ வேலை. தூரிகையைக் கையில் எடுப்பதும் வைப்பதுமாக நாலு நாள் போயிருந்தது. மகளைத் தன் கையாலேயே அழிப்பதா?

ஓவியரின் கணவர் பேருந்து பணிமனையில் நேரக் காப்பாளர். நிமிஷம் தப்பாத மனுஷர். இடது கையில் இந்த ஊர் நேரம், வலது கையில் செவ்வாயின் நேரம் என்று இரண்டு கடிகாரம் கட்டியிருந்தார். வலது கைக் கடிகாரத்தை அவர் இன்னும் கழற்றவில்லை. பட்டறை அறைக்குள் மட்டும் வரமாட்டார். அன்று வாசற்படியிலேயே நின்று, படத்தைப் பார்க்காமல் சொன்னார். "எடுத்துடும்மா. இல்லேன்னா இந்த வீட்ல நாம ரெண்டு பேரும் மூச்சு விட முடியாது."

மறுநாள் அளவு ஆள் குடியிருப்பின் வலது விளிம்பில் இருந்தாள். சாயங்காலம் அங்கேயும் இல்லை. சுவரின் வளைவுக்கு அப்பால் நிழலின் நுனி மட்டும் தெரிந்தது. ஓவியர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். பார்க்கும்போது எதுவும் நகரவில்லை. ஆளி விதை எண்ணெயின் கனத்த வாடைக்கு அடியில் வேறொரு வாடை இருந்தது, தீக்குச்சி உரசினாற்போல, துருவும் புழுதியும் கலந்தாற்போல. அப்புறம் அந்தச் சத்தம். கித்தானுக்குப் பின்னால், மிக மெதுவாக, தட்டிவிட்டுச் சற்று நிறுத்தி, நகர்ந்து மறுபடி தட்டுகிற சத்தம். மழை ஈரத்தில் சட்டம் உப்பினால் இப்படிச் சத்தம் வரும் என்று அவருக்குத் தெரியும். மழை பெய்து ஒரு மாதம் ஆகியிருந்தது என்பதும் தெரியும்.

அதற்கடுத்த நாள் காலையில் அவள் இடது விளிம்பில் வெளிப்பட்டாள். வெள்ளைச் சுவரில், ஓவியர் வைக்காத சிவப்புப் புள்ளிகள் வரிசையாக இருந்தன. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். ஒவ்வொன்றிலும் மூன்று தீற்றல்.

அவர் அங்கேயே உட்கார்ந்து அழுதார். பயம்தான், ஆனால் பயத்தைவிட அதிகமாக வேறொன்று இருந்தது. என் பிள்ளை கதவைத் தேடுகிறாள், கதவை எடுத்தது நான். ஒரு சுற்று முடியும்போதெல்லாம் சாக்கட்டியால் தரையில் ஒரு கோடு போட்டார். சுற்றுகள் வேகமாகிக்கொண்டே வந்தன. ராத்திரி விடிய விடிய எண்ணினார். வியாழக்கிழமை மதியம் எட்டுக் கோடுகள் இருந்தன.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கதவை நான்தானே எடுத்தேன், நானே வைக்கலாமே.

வண்ணம் குழைத்தார். சாம்பல், கறுப்பு, ஒரு துளி நீலம். இரும்புக் கதவை முன்பிருந்த அதே இடத்தில் வைத்தார், கைப்பிடி வைத்தார், மேலே சிவப்பு விளக்கை வைத்து அதைச் சுற்றி ஒளியையும் தேய்த்தார். அவ்வளவு அழகான கதவை அவர் வாழ்க்கையில் வரைந்ததில்லை. வரைந்து முடித்துத் தூரிகையைக் கழுவத் திரும்பினார். திரும்பிப் பார்த்தபோது அளவு ஆள் சுவரருகே இல்லை.

ஒன்பதாவது சுற்று முடிந்திருந்தது.

அவள் சுவரை விட்டுவிட்டு வெட்டவெளியில் நடந்துகொண்டிருந்தாள். படத்தின் முன்பக்கம் நோக்கி. கட்டைவிரல் உயரம் ஒரு சாண் ஆகியிருந்தது. ஆனால் முகம் தெரியவில்லை. முதுகைக் காட்டியபடியே அவள் நெருங்கிக்கொண்டிருந்தாள்.

"கதவு அங்க இருக்கு," என்றார் ஓவியர். "சிட்டு, அங்க பாரு. அம்மா வச்சிட்டேன்."

கண் இமைத்தார். இரண்டு சாண்.

இமைக்காமல் பார்த்தார். கண்ணீர் மறைத்தது. துடைத்தார். இடுப்பு உயரம்.

தட்டல் இப்போது கித்தானின் மேலேயே கேட்டது. கீழ் மூலையில் துணி உள்ளேயிருந்து புடைத்தது. உள்ளங்கை அளவு. தணிந்தது. ஒரு சாண் தள்ளிப் புடைத்தது. இடமிருந்து வலம். தடவித் தடவி.

ஐந்தடி மூன்றங்குலம். சிட்டுவின் உயரம், அந்த அளவு அவருக்கு அளவுகோல் இல்லாமலே தெரியும். கறுப்புத் தீற்றல் தலை கித்தானில் ஒட்டி நின்றது. தலை இருந்த இடத்தில் துணி உள்ளே இழுபட்டது. வெளியே வந்தது. மறுபடி இழுபட்டது.

மூச்சு.

காற்று இருக்கிறது என்று வைத்துக்கொண்டோம். நான்தான் வைத்துக்கொண்டேன்.

மேஜைமேல் கித்தான் அறுக்கிற கத்தி இருந்தது. அவர் யோசிக்கவில்லை. ஐந்தடி மூன்றங்குலத்துக்கு மேல் நாலு விரல் விட்டு ஒரு கோடு அறுத்தார். இந்தப் பக்கம் ஒன்று. அந்தப் பக்கம் ஒன்று. துணி கதவுபோல உள்நோக்கி மடிந்தது.

பின்னால் சுவர் இல்லை.

அறையின் காற்று மொத்தமும் அந்தப் பிளவை நோக்கிக் கிளம்பியது. திரைச்சீலை படத்தின் பக்கம் சாய்ந்து நின்றது. காகிதங்கள் பறந்து உள்ளே போயின. அறைக்கதவு படீரென்று சாத்திக்கொண்டது. காது அடைத்தது. வெளியே எங்கோ கணவரின் செருப்புச் சத்தம், அப்புறம் அவர் குரல், வெகு தூரத்திலிருந்து வருவதுபோல. "என்ன சத்தம் அது? கதவத் திற."

பிளவின் வழியாக ஒரு கை வந்தது. ஓவியரின் மணிக்கட்டைப் பிடித்தது. ஜில்லென்று, ஈரமாக, எண்ணெய் வாடையோடு. விரல்கள் இல்லை. மூன்று தீற்றல்.

அப்புறம் தலை வந்தது. பின்னந்தலை. அது மெல்லத் திரும்பியது. திரும்பித் திரும்பிப் பார்த்தும் பின்னந்தலைதான். முகம் இருக்க வேண்டிய இடத்திலும் அவர் எப்போதோ ஒரே இழுப்பில் போட்ட கறுப்பு. அந்தக் கறுப்பு உள்ளே குழிந்தது, புடைத்தது, குழிந்தது.

இது அவள் இல்லை. அவர் வயிற்றில் பிறந்தவள் இன்னும் அங்கேயேதான், அந்தச் சிவப்புப் புழுதியில், எங்கேயோ. ஓவியருக்கு அது நன்றாகவே தெரிந்தது. தூரிகை இருந்தது. வெள்ளை இருந்தது. ஒரே ஒரு தீற்றல்.

அவர் அதை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார்.

"நீதான்னு வச்சுக்கறேன்," என்றார். "வச்சுக்கறேன்டா கண்ணு."

அது முகமில்லாத தலையை அவர் தோளில் சாய்த்தது. அவர் பேசியது அவர் காதுக்கே கேட்கவில்லை. சத்தத்தைக் கொண்டுபோகக் காற்று மிச்சமில்லை. கால் பாதத்தில் மட்டும், தரை வழியாக, கணவரின் தட்டல் அதிர்ந்துகொண்டிருந்தது. அது ஓரிடத்தில் நிற்கவில்லை. சுவர் நெடுக நகர்ந்தது, நின்று, தட்டி, மறுபடி நகர்ந்தது. அவர் தலையைத் தூக்கி அறைக்கதவு இருந்த பக்கம் பார்த்தார். வெள்ளைச் சுவர் விளிம்பே இல்லாமல் வழவழவென்று நீண்டு கிடந்தது, அதன் அந்தப் பக்கம் கணவரின் கை இரண்டாவது சுற்றைத் தொடங்கியிருந்தது.