காணாமல் போன ஒன்பதாம் அத்தியாயம்

காலை 10.20. பூட்டியிருந்த மேஜை இழுப்பறையில் எட்டு அத்தியாயங்கள் இருந்தன. ஒன்பதாவதைக் காணோம்.

இன்ஸ்பெக்டர் அம்மாவுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. ஊரில் நாலு வழிப்பறி கேஸ் கிடக்க, காகிதத்தைக் காணோம் என்று ஒரு புகார்! தன் ராணுவ அனுபவங்களைப் புத்தகமாக எழுதியவர், முப்பது வருஷம் எல்லையில் வேலை பார்த்துவிட்டு ஓய்வுபெற்ற பட்டாளத்துக்காரர். புகார் கொடுத்ததோ அவருடைய தங்கை. அவள் கணவனும் அதே படைப்பிரிவில் இருந்து போர்முனையில் செத்துப்போனவன். அந்தச் சாவைப் பற்றியதுதான் ஒன்பதாம் அத்தியாயம்.

"இவதான் எடுத்திருப்பா," என்று டைப்பிஸ்ட் பெண்ணைக் காட்டினாள் தங்கை. "அண்ணனை விட்டா சாவி இவகிட்டதான் இருக்கு."

"நான் சேர்ந்தே மூணு நாள் மேடம். ரெண்டு அத்தியாயம்தான் அடிச்சேன். அதுவும் பட்டாளத்துல ஆள் எடுத்த கதை. ஸ்டேஷனுக்குப் போனேன்னு தெரிஞ்சா அப்புறம் யாரு வேலை குடுப்பா?"

"ஐயா, நீங்க என்ன சொல்றீங்க?" என்று பட்டாளத்துக்காரரைக் கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"சொல்றதுக்கு ஒண்ணுமில்ல."

எதைக் கேட்டாலும் இதே பதில். சரியான கல்லுளிமங்கன் என்று பல்லைக் கடித்தபடி இன்ஸ்பெக்டர் கொல்லைப்பக்கம் போனார்.

10.50. துவைக்கிற கல்லுக்குப் பின்னால் ஒரு தகர டப்பா. உள்ளே சாம்பல், மாவாகப் பொடிந்து, தண்ணீரில் குழம்பிச் சேறாகக் கிடந்தது. அடியில் காகிதம் கோர்க்கிற கருகிய கிளிப் ஒன்று.

11.05. "வேண்டாத காகிதத்தை எப்படிம்மா எரிப்பீங்க?"

"கொளுத்திப் போட்டுட்டு வந்துடுவேன்," என்றாள் டைப்பிஸ்ட். தங்கையும் அதையே சொன்னாள்.

"ஊர்ல எல்லாரும் அப்படித்தான். ஆனா கருகின தாள்லயும் எழுத்தைப் படிச்சிடலாம். எதிரி கையில சிக்கக்கூடாதுன்னு சாம்பலை நொறுக்கித் தண்ணி ஊத்துறது பட்டாளத்துப் பழக்கம். எரிச்சது நீங்கதான் ஐயா. ஒரு பொண்ணு திருடிப் பட்டம் வாங்குறா, கம்முனு நிக்கிறீங்களே! உங்களுக்கே நல்லாயிருக்கா?"

பட்டாளத்துக்காரர் தலை குனிந்தார். "தப்புதான். இந்தப் பொண்ணு எடுக்கல."

"ஏண்ணா?" தங்கை அவர் முன்னால் வந்து நின்றாள். "அவர் எப்படிச் செத்தார்னு தெரிஞ்சுக்கப் பதினெட்டு வருஷமா காத்துக்கிட்டிருக்கேனே!"

"எழுதிட்டேம்மா. உன் கையில குடுக்கத்தான் தைரியம் வரல. மாப்பிள்ளை வேவு பார்த்துட்டுத் திரும்பி வந்தார். கும்மிருட்டு. அன்னிக்குச் சொல்ல வேண்டிய அடையாள வார்த்தையை மறந்துட்டார். நம்ம காவலாளியே சுட்டுட்டான்."

"யாரு காவலுக்கு நின்னது?"

"நான்தான்."

இன்ஸ்பெக்டருக்கு அத்தனை எரிச்சலும் அடங்கிப்போயிற்று. தங்கை ஒரு நாற்காலியை அண்ணன் பக்கம் இழுத்துப் போட்டாள். பிறகு டைப்பிஸ்ட் பக்கம் திரும்பினாள்.

"உன்னைச் சொன்னது என் தப்பும்மா. உக்காரு. ஒன்பதாம் அத்தியாயத்தை இவர் மறுபடி சொல்லட்டும், நீ டைப் அடி. ஒரு வார்த்தை விடாதே."