பாதியில் நின்ற முட்டை

"ஐயோ... பொணம்!"

ஓடைக்கரையில் எழுந்த அலறல் புதூர்நாடு மலைக்கிராமத்தையே கூட்டிவிட்டது!

1958. வாணியம்பாடித் தோல் வியாபாரி பாஷா, பாறை மேல் குப்புறக் கிடந்தார். கால்கள் மட்டும் ஓடைத் தண்ணீரில்.

மதியம் ஜீப்பில் வந்து இறங்கினார் இன்ஸ்பெக்டர் லட்சுமணன். அதற்குள் மலை விவசாயி காசியின் கைகளைக் கயிற்றால் கட்டியிருந்தார்கள்.

"இவன்தான் சார்!" என்றான் கோபால். பாஷாவின் தோல் கிடங்கைப் பார்த்துக்கொள்பவன். "இவன் குடுத்த ஆட்டுத்தோல் அழுகிப்போச்சுன்னு பாய் திருப்பி அனுப்பினாரு. அந்தக் கோவத்துல ஓடையில அமுக்கிட்டான்!"

"இல்ல சாமி!" காசியின் மனைவி மங்கம்மாள் கதறினாள். "எம் புருசன தூக்குல போட்டுடாதீங்க!"

லட்சுமணன் பிணத்தின் சட்டையைத் தொட்டார்.

விறைப்பாக இருந்தது... அப்பளம் போல!

மடிப்பில் வெள்ளைப் பொடி. பூதக்கண்ணாடி வைத்தார்.

குட்டிக் குட்டியாய்... பகடைக்காய் போல... சதுரச் சதுரமான படிகங்கள்!

"இன்னாய்யா இது... உப்பு! ஓடைத் தண்ணி காஞ்சா உப்பு பூக்குமா?"

லட்சுமணன் பூதக்கண்ணாடியைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"உப்புத் தண்ணி எங்கய்யா கீது?"

எல்லோர் பார்வையும் தோல் கிடங்கின் பக்கம் திரும்பியது.

உள்ளே ஆளுயரத் தொட்டி. தோல் ஊறவைக்கும் உப்புக் கரைசல், விளிம்பு வரை நிரம்பி... அசையாமல்... கறுத்துக் கிடந்தது.

கோபால் சிரித்தான்.

"இதுல மனுசன் எப்பிடி சார் முழுகுவான்? முட்டையே மிதக்கும்! இதுக்கு மேல உப்பு போட்டா கரையாது, அவ்ளோ கெட்டி. மூணு நாளா யாரும் இதத் தொடவேயில்ல!"

"முட்டையா?"

"தோல் ஊறப்போடறப்பல்லாம் அதப் போட்டுத்தான் சார் உப்பு பதம் பாப்போம். நாலணாக் காசு அளவு முட்டை மேல தெரியணும். பாருங்க!"

மாடத்திலிருந்த முட்டையைப் பெருமையாக விட்டான்.

அது மிதக்கவில்லை!

முழுகியது... முழுகியது... ஒரு முழ ஆழத்தில் சட்டென்று நின்றது!

மேலேயும் வராமல், கீழேயும் போகாமல்.

கோபாலின் முகம் வெளுத்தது.

"கீழ கெட்டி உப்புத் தண்ணி," என்றார் லட்சுமணன் மெதுவாக. "மேல வெறும் ஓடைத் தண்ணி. ரெண்டும் இன்னும் கலக்கல. நீ தலைய அமுக்கினப்ப பாய் துள்ளிட்டாரு. தொட்டித் தண்ணி ஒரு முழம் வெளிய கொட்டிச்சு. பொணத்த ஓடைக்கரையில போட்டுட்டு, கொட்டினது தெரியக்கூடாதுன்னு ஓடைத் தண்ணிய குடம் குடமா ரொப்பினே... சத்தம் கேக்காம, ஓரமா, மெல்ல! கலக்கிவிட்டிருந்தீன்னா எனக்கு இந்தச் சாட்சி கெடச்சிருக்குமா?"

கோபால் சுவரில் சாய்ந்து சரிந்தான்.

"நல்ல தோல ஒடுகத்தூர் யாவாரிக்குத் திருட்டுத்தனமா வித்தத பாய் கண்டுபிடிச்சிட்டாரு சார்... போலீசுக்குப் போறேன்னாரு..."

காசியின் கட்டு அவிழ்ந்தது. அதே கயிறு கோபாலின் கைக்கு மாறியது.

"அந்த முட்டைய பத்திரமா எடுய்யா!" கான்ஸ்டபிளை அதட்டினார் லட்சுமணன்.

மங்கம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"கோழிக்கு அடை வச்சிடுங்க சாமி... கேசு முடியறதுக்குள்ள சாட்சியே கோர்ட்டுல வந்து கூவிடும்!"